ஆப்கன் மக்கள் கருத்தாய்வு: பின்னிணைப்பிலிருந்து படிக்க வேண்டிய அறிக்கை

போர் நடக்கும் நாட்டில் வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டால் உண்மை வருமா? ‘வராது’ என்று கைகழுவிவிடுவது எளிது. ‘85 விழுக்காட்டினர் இப்படிச் சொல்லிவிட்டார்கள்’ என்று தலைப்புச் செய்தி போடுவது அதைவிட எளிது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், இத்தகைய ஆய்வுகளிலேயே நீண்ட காலம் ஓடிய ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஆசியா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் ஆப்கானிஸ்தானில் நடத்திய ‘ஆப்கன் மக்கள் கருத்தாய்வு’ அதற்குத் தோதானது. 2004 இல் ஒரு முறை, பிறகு 2006 முதல் 2019 வரை ஆண்டு தவறாமல் என மொத்தம் பதினைந்து சுற்றுகள். கடைசிச் சுற்றில் 34 மாகாணங்களிலும் சேர்த்து 17,812 பேரிடம் நேரில் பேசியிருக்கிறார்கள். பதினைந்தையும் கூட்டினால் ஒன்றேகால் லட்சம் நேர்காணல்களைத் தாண்டுகிறது. போர் ஓயாத ஒரு நாட்டில் இத்தனை ஆண்டு, இத்தனை பேரிடம், பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்ட வேறொரு பொதுத் தரவைத் தேடிப்பிடிப்பது கடினம்.

கையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, வண்ண வரைபடங்களோடு வரும் தடித்த அறிக்கை. ஆங்கிலத்தோடு தாரி, பஷ்தோ மொழிகளிலும் வந்தது. மற்றது, பதில்கள் வரிவரியாக உள்ள மூலத் தரவுக் கோப்பும் அதற்கான குறியீட்டு விளக்கமும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. உலகக் கருத்தாய்வு நடத்தும் கேலப் நிறுவனத்தின் தனிநபர் தரவு வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் இது மாணவர்களுக்கும் சிறிய பத்திரிகைகளுக்கும் கிடைத்த கொடை. இரண்டில் ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் தரவுக் கோப்பை எடுங்கள். அறிக்கையின் முகப்புச் சுருக்கம் நிதி கொடுத்தவர்களுக்காக எழுதியது போன்ற நடை. பல ஆண்டுகள் பெரும்பணம் அமெரிக்க அரசின் உதவி முகமையாக இருந்த யுஎஸ்எய்டிடமிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த நடையின் காரணம் விளங்கும்.

எப்படி எடுத்தார்கள் என்பதற்கு வருவோம். பெரும்பாலான சுற்றுகளில் களப்பணி செய்தது காபூலில் இயங்கிய அக்சார் நிறுவனம். அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள டி3 சிஸ்டம்ஸ். முதலில் மாகாணவாரியாக எத்தனை நேர்காணல் என்று பிரிக்கிறார்கள். மாகாணத்துக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு மாவட்டங்களைக் குலுக்கி எடுக்கிறார்கள். மாவட்டத்துக்குள் ஊர்கள், ஊருக்குள் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், கடைத்தெரு போன்ற ஓர் அடையாளத்தில் தொடங்கி, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று நடந்து போவது. வீட்டுக்குள் யாரிடம் பேசுவது என்பதைக் களப்பணியாளர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்யக் கூடாது. அதற்குக் கிஷ் கட்டம் என்ற அட்டவணை இருக்கிறது: வீட்டிலுள்ள வயதுவந்தோரை வயது வரிசையில் எழுதி, அட்டவணை காட்டும் எண்ணுக்கு உரியவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பாடப்புத்தக முறைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆப்கன் மண் குறுக்கே நிற்கிறது. மாவட்டத்தை மக்கள்தொகைப்படி எடுக்க வேண்டும் என்றால் மக்கள்தொகை தெரிய வேண்டும். அங்கே கடைசியாகக் கணக்கெடுப்பு தொடங்கியது 1979 இல். அதுவும் நாடு முழுக்க முடிக்கப்படவில்லை. ஆகவே அடித்தளமே அரசின் மதிப்பீடு. இடம் மாறிக்கொண்டே இருக்கும், ‘குச்சி’ எனப்படும் நாடோடிகள் ஊர்ப் பட்டியலில் சிக்கமாட்டார்கள். ஊருக்குள் நுழைய ‘மலிக்’ எனப்படும் ஊர்ப் பெரியவரின் அனுமதி வேண்டும். அனுமதி தந்தவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே இருப்பார். ஊர் நிர்வாகம் பற்றிய கேள்விக்கு வரும் பதிலில் அவருடைய நிழலும் விழும். கிஷ் கட்டம் இன்னும் சிக்கல். வெளி மனிதரிடம் வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்வதே மரியாதைக்குறைவு என்று கருதும் ஊர்கள் அங்கே ஏராளம். அடையாள அட்டையில் தாயின் பெயரைச் சேர்க்கச் சட்டம் திருத்தப்பட்டதே 2020 செப்டம்பரில்தான். அப்படிப்பட்ட வாசலில் நின்று ‘வீட்டில் வயதுவந்த பெண்கள் எத்தனை பேர், மூத்தவர் யார், இளையவர் யார்’ என்று வரிசைப்படுத்த வேண்டும். அதனால் பெண்களிடம் பெண்களே பேசுகிறார்கள், அவர்களோடு ஓர் ஆண் உறவினர் பயணம் செய்கிறார். இந்த ஏற்பாட்டுக்குப் பெண் களப்பணியாளர் கிடைக்காத இடங்களில் பெண்களின் பதிலும் கிடைக்காது. தெற்கே உருஸ்கான், ஸாபுல் போன்ற மாகாணங்களின் எண்களை எடுக்கும்போது ‘பெண்கள் எத்தனை பேர்?’ என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இந்த மதிப்புரையின் முக்கியமான பகுதி: மாற்று மாவட்டங்கள். குலுக்கலில் வந்த மாவட்டத்தில் சண்டை நடந்தாலோ, அது தலிபான் கையில் இருந்தாலோ, அதே மாகாணத்தில் வேறொரு மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். சில சுற்றுகளில், போக முடியாத மாவட்டத்து ஆட்களை வெளியே சந்தை, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் மறித்துக் கேட்டிருக்கிறார்கள். சந்தைக்கு வருபவர் யார்? ஆண், பயணம் செய்ய முடிந்தவர், அரசுப் பகுதிக்கு வரப் பயப்படாதவர். அவருடைய பதிலை வீட்டிலேயே அடைந்து கிடப்பவரின் பதிலாகக் கொள்ள முடியாது. ஆக, மாகாணத்தின் பெயர் அட்டவணையில் அப்படியே இருக்கும். உள்ளே பேசியவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அரசின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டே போவார்கள். பாதுகாப்பு மோசமாக ஆக ஆக, பாதுகாப்பான இடத்து மக்களின் பங்கு மாதிரியில், அதாவது கேள்வி கேட்கப்பட்டவர்களில், கூடும். நோய் முற்ற முற்ற இறங்கிக் காட்டும் வெப்பமானியைப் போல.

நல்லவேளையாக இதை அவர்கள் மறைக்கவில்லை. எந்த இடம் குலுக்கலில் வந்தது, எதற்குப் பதில் எது எடுக்கப்பட்டது, ஏன் என்பதெல்லாம் செயல்முறைப் பின்னிணைப்பில் உண்டு. இந்த ஆய்வுக்கு முழு மதிப்பெண் தரவேண்டிய இடம் அதுதான். ஆப்கன் அரசின் கையில் எத்தனை மாவட்டங்கள் என்று நேட்டோ படை தந்துவந்த கணக்கு 2018 அக்டோபரோடு நின்றுவிட்டது. அன்றைய நிலையில் 407 மாவட்டங்களில் 53.8 விழுக்காடுதான் அரசின் கட்டுப்பாட்டிலோ செல்வாக்கிலோ இருந்தன. அதன் பிறகு அந்தக் கணக்கே எடுப்பதில்லை என்று 2019 இல் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் ‘இந்த ஊருக்குப் போக முடியவில்லை, இந்த ஊருக்குப் பெண்களை அனுப்ப முடியவில்லை’ என்ற பட்டியலே ஒரு போர் வரைபடம். 2021 ஆகஸ்டில் தலிபான் ஆட்சியைப் பிடித்ததற்கான அறிகுறியைத் தேடுபவர்கள் மக்களின் பதில்களைவிடப் பதில் கேட்கப் போக முடியாத இடங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது தலிபான் மீதான பரிவு பற்றிய கேள்வி. 2019 இல் 85.1 விழுக்காட்டினர் ‘துளியும் பரிவில்லை’ என்றார்கள்; 13.4 விழுக்காட்டினர் கொஞ்சமாவது உண்டு என்றார்கள். இரண்டே ஆண்டுகளில் காபூல் விழுந்தது. ‘பார்த்தீர்களா, கணிப்பு பொய்’ என்று சொல்லிவிடலாம், அது அவசரம். பரிவு இல்லாததும் எதிர்த்துப் போராடுவதும் ஒன்றல்ல, ஆட்சி விழுவதற்கு மக்கள் பரிவு தேவையும் இல்லை. 13 விழுக்காட்டிலேயே ஒரு படை நடத்தலாம். அந்தப் பரிவுக்குக் காரணம் கேட்டால் ‘அவர்களும் ஆப்கானியர்தானே’, ‘அவர்களும் முஸ்லிம்கள்தானே’ என்ற வகைப் பதில்களே முன்வரிசையில் நிற்கின்றன. கொள்கை பின்னால்தான் வருகிறது.

இந்தக் கேள்வியில் இருக்கும் உண்மையான ஓட்டை வேறு. 2009 இல் இதே இடத்தில் ‘ஆயுதமேந்திய எதிர்ப்புக் குழுக்களின் நோக்கங்கள்’ மீது பரிவு உண்டா என்று கேட்டபோது 56 விழுக்காட்டினர் உண்டு என்றார்கள். 56 இலிருந்து 13 என்று ஒரு கோடு போட்டால் அழகாகத்தான் இருக்கும். கேள்வியே மாறியிருக்கிறது என்பதுதான் சிக்கல். குழுக்கள் என்றால் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், நோக்கம் என்றால் வெளிநாட்டுப் படையை வெளியேற்றுவதையும் நினைத்துக்கொள்ளலாம். தலிபான் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சுருங்கத்தான் செய்யும். ஆண்டுவாரி வரைபடம் போடுமுன் அந்தந்த ஆண்டுக் கேள்வித்தாளில் அந்தக் கேள்வியின் வாசகத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

நேரடியாகக் கேட்டால் மெய் வராது என்பதால் மறைமுகமாகக் கேட்கும் முறைகளும் ஆப்கன் மண்ணிலேயே சோதிக்கப்பட்டிருக்கின்றன. 2011 இன் தொடக்கத்தில் ஹெல்மண்ட், கோஸ்த், குனார், லோகர், உருஸ்கான் என்ற ஐந்து மாகாணங்களில் 2,754 பேரிடம் நடந்த ஒரு தனி ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு பகுதி பட்டியல் முறை. ஒரு குழுவிடம் மூன்று பெயர்களைப் படித்துக்காட்டி, ‘இவற்றில் எத்தனைக்கு உங்கள் ஆதரவு? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்’ என்று கேட்பார்கள். இன்னொரு குழுவிடம் அதே மூன்றோடு தலிபானையும் சேர்த்து நான்காகப் படிப்பார்கள். இரண்டு சராசரிகளுக்கும் இடையிலான வித்தியாசமே தலிபான் ஆதரவு. கணக்கு கச்சிதம். ஆனால் தலிபான் சேர்ந்த பட்டியலைக் கேட்ட ஒருவர்கூட சுழியம் என்றோ நான்கு என்றோ சொல்லவில்லை. சுழியம் சொன்னால் தலிபானுக்கு எதிரி என்று தெரிந்துவிடும், நான்கு சொன்னால் தலிபான் ஆள் என்று தெரிந்துவிடும். எல்லாரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நடுவில் ஒதுங்கிவிட்டார்கள். கூட்டல் கணக்கை ஆய்வாளர்களைவிட விரைவாகப் போட்டுவிட்டார்கள் கிராமத்து மக்கள்.

அந்த ஆய்வில் உருப்படியாக வேலை செய்தது ஒப்புதல் முறை. சிறைச் சீர்திருத்தம், தேர்தல் ஆணையச் சீர்திருத்தம், ஊழல் தடுப்பு போன்ற கொள்கைகளை ஆதரிக்கிறீர்களா என்று ஒரு குழுவிடம் வெறுமனே கேட்பது. இன்னொரு குழுவிடம் ‘இதைத் தலிபான் ஆதரிக்கிறது’ என்றோ ‘வெளிநாட்டுப் படை ஆதரிக்கிறது’ என்றோ ஒட்டிக் கேட்பது. பெயர் ஒட்டியதும் ஆதரவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதிலிருந்து மனநிலையை ஊகிப்பது. அதில் கிடைத்த முடிவு: வெளிநாட்டுப் படையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அப்படைக்கான ஆதரவு குறைந்து தலிபான் ஆதரவு கூடியது; தலிபானால் பாதிக்கப்பட்டவர்களிடம் அதே அளவுக்கு வெளிநாட்டுப் படையின் பக்கம் சாய்வு ஏற்படவில்லை. ஆசியா ஃபவுண்டேஷன் கேள்விகளால் இதைப் பிடித்திருக்கவே முடியாது. பக்கச் சார்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இவ்வகை ஆய்வுகளுக்குப் போவது நல்லது.

பெருந்தொடரின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: பயம், வேலை, மின்சாரம், குடிநீர், லஞ்சம், ஊரை விட்டுப் போகும் எண்ணம். இவற்றைச் சொன்னால் யாரும் வீடு தேடி வந்து உதைக்கப் போவதில்லை. ‘உங்கள் பகுதியில் உங்கள் உயிருக்கோ குடும்பத்தின் உயிருக்கோ பயப்படுகிறீர்களா?’ என்ற கேள்விக்கு, அவ்வப்போதாவது பயம் உண்டு என்றவர்கள் 2006 இல் 40 விழுக்காடு. 2019 இல் 74.5. மாதிரி பாதுகாப்பான பக்கம் நகர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த ஏற்றம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கலாமே தவிரக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. பிழை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால் பிழையுள்ள எண்ணும் பயன்படும்.

‘நாடு சரியான திசையில் போகிறதா?’ என்பது செய்தியாளர்களுக்குப் பிடித்த கேள்வி. இருப்பதிலேயே அதிகம் ஆடுவதும் அதுதான். 2014 இல் 54.7 விழுக்காடு ஆம் என்றார்கள், 2015 இல் 36.7. ஒரே ஆண்டில் 18 புள்ளி. 2014 சுற்றுக்குக் களத்தில் இறங்கியது அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்களிப்பு முடிந்த சூட்டோடு; நம்பிக்கை பொங்கும் நேரம். 2015 க்குள் நேட்டோவின் போர்ப்பணி முடிந்து படைகள் குறைந்து, அவற்றை நம்பியிருந்த வேலைகளும் போய்விட்டன. இறக்கம் உண்மைதான், அதில் ஒரு பங்கு நாள்காட்டியுடையது. 2009 இன்னும் தெளிவான பாடம். அந்த ஆண்டு நடுப்பகுதியில் ஆசியா ஃபவுண்டேஷன் கேட்டபோது 42 விழுக்காடு ஆம். டிசம்பரில் ஏபிசி, பிபிசி, ஏஆர்டி என்ற மூன்று ஊடகங்கள் சேர்ந்து 1,534 பேரிடம் கேட்டபோது 70 விழுக்காடு. இடையில் தேர்தல் முடிந்து அதிபர் கர்சாய் மறுபடி பதவியேற்றிருந்தார். ஒரு கணிப்பு சரி, மற்றது தவறு என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. எடுத்த தேதியைப் போடாமல் இந்தக் கேள்வியின் விடையை மேற்கோள் காட்டினால், அது நம்மூர் வாக்குக்கணிப்பை எந்தக் கட்டத் தேர்தலுக்குப் பிறகு எடுத்தது என்று சொல்லாமல் போடுவதைப் போன்றதுதான்.

2019 அறிக்கையிலும் இதே பொறி உண்டு. தலிபானுடனான பேச்சுவார்த்தை முயற்சியை 88.7 விழுக்காட்டினர் ஆதரிப்பதாக டிசம்பரில் வெளியான அறிக்கை சொன்னது. கேள்வி கேட்டதோ ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 7 வரை. இடையில் செப்டம்பரில் டிரம்ப் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டதாக அறிவித்திருந்தார்.

பிழை வரம்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 17,812 பேரைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருந்தால் பிழை முக்கால் புள்ளிதான். ஆனால் ஒரே ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் கொத்தாக எடுக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள். அந்தக் கொத்து விளைவு நான்கு மடங்கு என்று கொண்டால் பிழை அதன் வர்க்கமூல அளவுக்குக் கூடும், அதாவது இரட்டித்து ஒன்றரைப் புள்ளியாகிவிடும். இதை வைத்துப் பார்த்தால், சரியான திசை என்றவர்கள் 2018 இல் 32.8, 2019 இல் 36.1 என்பது தேறும் ஏற்றம். நாட்டை விட்டுப் போக விரும்புவோர் 41.1 இலிருந்து 39.9 ஆனது ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. மாகாண அளவில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம்: 400 நேர்காணல் உள்ள மாகாணத்தில் அதே கணக்குப்படி பிழை கிட்டத்தட்ட 10 புள்ளி. ‘குனாரில் நம்பிக்கை 8 புள்ளி சரிவு’ என்ற வகை வரைபடங்களை அறிக்கையே வண்ணம் தீட்டிப் போடுவதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். அந்தப் பக்கங்களை மதிப்பெண் குறைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இட்டுக்கட்டிய நேர்காணல்? எல்லா நாட்டிலும் உண்டு. ஆபத்தான ஊரில் ஆசை இன்னும் கூடும். வழியில் குண்டு வெடிக்குமோ என்று பயந்த களப்பணியாளர் தேநீர்க்கடையில் உட்கார்ந்து பத்துத் தாள்களையும் தானே நிரப்பிவிடலாம். மேற்பார்வையாளர் மறுபடி போய்க் கேட்பது, மூன்றாம் தரப்பினர் களத்தில் உடன்போவது, இரண்டு தாள்களின் பதில்கள் அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றனவா என்று கணினியில் தேடுவது என மூன்று வலை போட்டிருக்கிறார்கள். மூன்றாவது வலையில் ஒரு சர்ச்சை உண்டு. 85 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் சந்தேகம் என்பது ஒரு பக்க வாதம். கேள்விகள் குறைவாகவும் மக்கள் ஒரே மனதாகவும் உள்ள இடத்தில் இயல்பாகவே அவ்வளவு ஒத்துப்போகும் என்பது மறுபக்கம். எல்லாரும் ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லும் ஊரில் தாள்கள் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

2019 க்குப் பிறகு இந்தத் தொடர் இல்லை. அதன் பின்னும் நேர்காணல் எடுத்தவற்றுள் கேலப் முக்கியம். அதன்படி, தன் வாழ்வைத் தானே மிகத் தாழ்வாக மதிப்பிட்டு ‘துன்பத்தில் வாழ்வோர்’ வகையில் விழுந்தவர்கள் 2021 இல் 94 விழுக்காடு, 2022 இல் 98. எண் அப்பட்டமாக இருக்கிறது. ஆனால் அது பத்துப்படி ஏணிக் கேள்வி, ஊருக்குள் மின்சாரம் வந்ததா என்று சொல்லாது. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை வந்தது. பெண்ணிடம் பெண்ணே கேட்க வேண்டிய நாட்டில் இனி வரும் எந்த எண்ணையும் எடுக்குமுன் அதை வீட்டுக்குள் போய்க் கேட்டார்களா, தொலைபேசியில் கேட்டார்களா, பேசியது யாருடைய தொலைபேசி என்று பாருங்கள். கைபேசி பத்தில் ஒன்பது வீட்டில் இருந்தது என்பதும், அது பெரும்பாலும் ஆணின் சட்டைப்பையில் இருந்தது என்பதும் வேறு வேறு தகவல்கள்.

பழைய கோப்பைத் திறப்பவர்களுக்கு: முதலில் எடையிடும் மாறியை (ஒவ்வொருவர் பதிலும் எவ்வளவு கணக்கில் சேர வேண்டும் என்று சொல்லும் எண்ணை) போட்டுவிடுங்கள், அதில்லாமல் எடுத்த விழுக்காடு அறிக்கையோடு ஒத்துவராது. ‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’ இரண்டையும் விடுபட்ட பதிலாகத் தூக்கியெறியாமல் தனித்தனி வரிசையாக வையுங்கள். கடைசியாகக் கேள்வித்தாளின் வால்பகுதிக்குப் போங்கள். அங்கே களப்பணியாளரே நிரப்பிய சில கட்டங்கள் இருக்கும்: பேசும்போது பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எந்தக் கேள்விக்குப் பதிலளித்தவர் நெளிந்தார், எங்கே ஒத்துழைப்பு குறைந்தது. தனியாகப் பேசியவர்களையும் கூட்டத்துக்கு நடுவே பேசியவர்களையும் பிரித்து, தலிபான் கேள்வியை ஒரு முறையும் குடிநீர்க் கேள்வியை ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.